பத்தமடைப் பாய்க் கடையில் வாலெட் பேமெண்ட்: பணம் வந்ததை உறுதி செய்வது எப்படி?

பத்தமடையில் கல்யாணப் பாய்க்கு ஆர்டர் வந்தால், மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் பாயிலேயே நெய்யப்படும். ஊறவைத்த கோரையை மெல்லிசாகக் கிழித்து, நூல் பாவில் கோத்து, வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்கிற வேலை. பெயர் ஏறிய பாயை வேறு யாருக்கும் விற்க முடியாது. என் மாமிக்கும் அவருடன் நெய்கிற பெண்களுக்கும் இணையக் கடை அமைத்துக் கொடுத்தபோது, நான் முக்கியமாக நினைத்தது ஒன்றைத்தான். “ரூவா வந்துட்டா? தறியில ஏத்திரட்டா?” என்று மாமி கேட்டால், துளி சந்தேகம் இல்லாமல் பதில் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரின் போனில் ‘சக்சஸ்’ என்று வருவது அதற்குப் போதாது. நம்முடைய சர்வர் தானே சரிபார்த்துச் சொன்னால்தான் பணம் வந்ததாக அர்த்தம். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

வாடிக்கையாளரிடமிருந்து பணத்தை வாங்கி நம் கணக்கில் சேர்க்கும் சேவைக்கு பேமெண்ட் கேட்வே என்று பெயர்; உதாரணத்துக்கு அவற்றில் ஒன்றான ரேசர்பேயை எடுத்துக்கொள்கிறேன். மற்ற கேட்வேக்களில் பெயர்கள் மாறும், ஓட்டம் பெரும்பாலும் இதுதான்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். நம் ஊரில் எல்லாவற்றையும் ‘ஜிபே பண்ணிட்டேன்’ என்று சொல்லிவிடுகிறோம். கூகுள் பே வழியாகப் போகும் யூபிஐ பணம் நேராக வங்கிக் கணக்கிலிருந்து போகிறது. வாலெட் என்பது முன்கூட்டியே பணம் ஏற்றி வைத்திருக்கும் கணக்கு. அமேசான் பே பேலன்ஸ், மொபிக்விக் போன்றவை. கேட்வேயில் இவை இரண்டும் தனித்தனி வகைகள். கேட்வே தரும் நிர்வாகப் பக்கமான டாஷ்போர்டில் சில வாலெட்டுகள் தானாகவே திறந்திருக்கும், சிலவற்றைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். முழு கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) முடித்த வாலெட்டில் 2 லட்சம் ரூபாய் வரை வைக்கலாம். குறைந்தபட்ச விவரங்களோடு திறந்த சிறு வாலெட்டில் 10,000 ரூபாய்தான். விலை கூடிய பட்டுப்பாய் வாங்குபவருக்கு வாலெட்டில் இருப்பு போதாமல் போகலாம். ஆகவே வாலெட்டை மட்டும் நம்பாமல் யூபிஐயையும் கார்டையும் பக்கத்திலேயே வையுங்கள்.

கணக்குத் திறக்க பான், வங்கி விவரம், தொழில் சான்று கேட்பார்கள். தளத்தில் விதிமுறைகள், தனியுரிமை, ரத்து மற்றும் பணம் திருப்பித் தருதல், தொடர்பு விவரம் ஆகிய பக்கங்கள் இருக்க வேண்டும். ‘பெயர் நெய்யத் தொடங்கிய பிறகு ரத்து செய்ய முடியாது’ என்பதை அங்கேயே தெளிவாக எழுதிவிடுங்கள். பின்னால் தகராறு வந்தால் அந்த ஒரு வரி கைகொடுக்கும்.

கணக்கு கிடைத்ததும் இரண்டு சாவிகள் தருவார்கள். கீ ஐடி பக்கத்தில் தெரியலாம். ரகசியச் சாவி சர்வரை விட்டு வெளியே வரவே கூடாது. ஜாவாஸ்கிரிப்ட் கோப்பிலோ, மொபைல் ஆப்புக்குள்ளோ, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்திலோ அதை வைக்காதீர்கள்.

இனி ஓட்டத்தைப் பார்ப்போம். வாடிக்கையாளர் ‘வாங்கு’ என்று அழுத்தியதும் உங்கள் சர்வர் கேட்வேயில் ஓர் ஆர்டர் உருவாக்க வேண்டும். தொகை பைசாவில் போகும்: 6,000 ரூபாய் என்றால் 600000. விலையை உலாவியிலிருந்து வாங்காதீர்கள், உங்கள் தரவுத்தளத்திலிருந்து எடுங்கள். உலாவியில் வரும் எண்ணை யார் வேண்டுமானாலும் மாற்றி அனுப்பலாம். திரும்பக் கிடைக்கும் ஆர்டர் ஐடியை உங்கள் ஆர்டரோடு சேர்த்துச் சேமித்துவிட்டு, செக்அவுட் எனும் பணம் கட்டும் சன்னலைத் திறவுங்கள். வாடிக்கையாளர் வாலெட்டைத் தேர்ந்தெடுத்து, ஓடிபி கொடுத்தோ வாலெட்டின் பக்கத்துக்குப் போயோ பணம் செலுத்துவார்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் பாய்களை நிறையப் பேர் இன்ஸ்டாகிராமில் படம் பார்த்துவிட்டு, அந்த லிங்க்கிலிருந்தே வருகிறார்கள். அந்த ஆப்புக்குள்ளேயே திறக்கும் உலாவியில் பாப்-அப் சன்னல்கள் ஒழுங்காக வேலை செய்யாது. அதற்கு கால்பேக் முகவரி கொடுத்து, பணம் கட்டியதும் முழுப் பக்கமாகத் திரும்பி வருமாறு அமைக்க வேண்டும். அப்படித் திரும்பும்போது வேறு தளத்திலிருந்து போஸ்ட் கோரிக்கையாக வருவதால், லாகின் குக்கீ கூடவே வராமல் போகலாம். ஆளை செஷனை (லாகின் பதிவை) வைத்துத் தேடாமல் ஆர்டர் ஐடியை வைத்தே கண்டுபிடியுங்கள்.

திரும்பி வருவது மூன்று: பேமெண்ட் ஐடி, ஆர்டர் ஐடி, சிக்னேச்சர். நீங்கள் சேமித்து வைத்த ஆர்டர் ஐடி, நடுவில் ஒரு செங்குத்துக் கோடு, அப்புறம் பேமெண்ட் ஐடி என்று சேர்த்து, ரகசியச் சாவியால் ஹெச்மாக் எஸ்ஹெச்ஏ-256 என்ற முறையில் ஒரு சரிபார்ப்புக் குறியீட்டைக் கணக்கிடுங்கள். விடை சிக்னேச்சரோடு பொருந்தினால்தான் அது கேட்வேயிலிருந்து வந்த செய்தி. பொருந்தாவிட்டால் அந்த ஆர்டரைத் தொடவே வேண்டாம்.

இதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் நம் பக்கத்து நிலைமையை யோசியுங்கள். பாபநாசத்திலிருந்து காரையாறுக்கு மலையேறும் பஸ்ஸில் உட்கார்ந்து ஒருவர் பணம் கட்டுகிறார். வாலெட்டில் பணம் கழிந்துவிட்டது. அதே நேரம் சிக்னல் போய்விட்டது, பக்கம் திரும்பி வரவே இல்லை. பணம் போயிற்று, உங்கள் தளத்தில் ஆர்டர் ‘நிலுவை’ என்றே நிற்கும். இதற்குத்தான் வெப்ஹுக். வாடிக்கையாளரின் போன் எந்த நிலையில் இருந்தாலும், கேட்வேயின் சர்வர் நேராக உங்கள் சர்வருக்குச் செய்தி அனுப்பும்.

வெப்ஹுக் எழுதும்போது நிதானம் தேவை. அதற்கென்று தனி ரகசியச் சொல் உண்டு, முன்பு சொன்ன ரகசியச் சாவி அல்ல. வந்த செய்தியின் மூல உள்ளடக்கத்தை அப்படியே வைத்து சிக்னேச்சரைக் கணக்கிட வேண்டும். ஜேசன் என்ற தரவு வடிவமாகப் பிரித்து மறுபடி சேர்த்தால் ஓர் இடைவெளி மாறினாலும் பொருந்தாது. 5 வினாடிக்குள் ‘200’ (செய்தி கிடைத்தது என்பதற்கான குறி) என்று பதில் சொல்லிவிட்டு, மின்னஞ்சல், எஸ்எம்எஸ் அனுப்பும் வேலைகளைப் பின்னணியில் செய்யுங்கள். பதில் போகாவிட்டால் 24 மணி நேரம் வரை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்ப்பார்கள். அதனால் ஒரே செய்தி இரண்டு முறை வரும், முன்பின்னாகவும் வரும். ஒவ்வொரு செய்தியின் தலைப்பகுதியான ஹெடரிலும் உள்ள நிகழ்வு ஐடியைச் சேமித்து, ஏற்கெனவே பார்த்ததாக இருந்தால் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒரே ஜோடிக்கு இரண்டு பாய் தறியில் ஏறும்.

‘ஆத்தரைஸ்டு’, ‘கேப்சர்டு’ என்ற இரண்டு நிலைகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆத்தரைஸ்டு என்றால் வாடிக்கையாளரிடமிருந்து பணம் பிடிக்கப்பட்டது, அவ்வளவுதான். கேப்சர் ஆனால்தான் நம் கணக்குக்கு வரும். குறித்த கெடுவுக்குள் கேப்சர் செய்யாவிட்டால் அவருக்கே திரும்பிவிடும். டாஷ்போர்டில் தானியங்கி கேப்சரை வைத்துவிடுங்கள். முதலில் ‘தோல்வி’ என்று வந்த பேமெண்ட் சற்றுப் பொறுத்து வெற்றியாக மாறுவதும் உண்டு. ஆகவே தோல்விச் செய்தி வந்த உடனே ஆர்டரை அழிக்காதீர்கள்.

கட்டணக் கணக்கையும் நெய்பவர்களிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். கேட்வே 2 சதவீதம் எடுப்பதாக வைத்துக்கொண்டால், 6,000 ரூபாய்க்கு 120 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 21.60. கையில் வருவது 5,858.40. இதைச் சொல்லாமல் விட்டால், குறைந்த தொகையைப் பார்த்து, உழைத்தவர்களுக்கு நம்மேல் சந்தேகம் வரும். அது நியாயமான சந்தேகம்தான்.

பணம் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் கேட்வே வழியாகவே கொடுங்கள், அது அதே வாலெட்டுக்குப் போய்ச் சேரும். தனியாக யூபிஐயில் அனுப்பினால் கேட்வே கணக்கில் அது பதிவாகாது. பிறகு அவர் புகார் கொடுத்தால் இரண்டாவது தடவையும் கொடுக்க வேண்டியிருக்கும்.

இவை அனைத்தையும் உண்மைப் பணம் நகராத டெஸ்ட் சாவியில் முதலில் ஓட்டிப் பாருங்கள். வாலெட்டைத் தேர்ந்தெடுத்தால் வெற்றி, தோல்வி என்று இரண்டு பொத்தான்கள் உள்ள போலிப் பக்கம் வரும். இரண்டையும் அழுத்துங்கள். வெற்றியை அழுத்திய கையோடு தாவலை மூடிவிட்டு, வெப்ஹுக் மட்டுமே ஆர்டரை முடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு லைவ் சாவிக்கு மாறுங்கள். டெஸ்ட்டில் போட்ட வெப்ஹுக் லைவுக்குத் தானாக வராது, புதிதாகச் சேர்க்க வேண்டும். கடையில் இருக்கும் மலிவான தடுக்கு ஒன்றை உங்கள் சொந்த வாலெட்டிலிருந்து வாங்கி, டாஷ்போர்டில் ரீஃபண்ட் கொடுத்து, உங்கள் தரவுத்தளத்திலும் நிலை மாறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு கடையைத் திறவுங்கள்.