வெட்பாலை எண்ணெய் கேட்கிறதா? இரண்டு முழங்கையில் பார்த்துவிடலாம்

சொரியாசிஸ் (தோலில் செதில் செதிலாகப் படை வரும் நோய்) என்று சொன்னால் போதும், எங்கள் கொங்குப் பக்கம் யாராவது ஒருவர் "வெட்பாலை எண்ணெய் போட்டுப் பாருங்க" என்பார். தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் இந்த நோய் தானாகவே ஏறும், தானாகவே தணியும். தணிகிற நேரத்தில் எதைத் தடவினாலும் அதுதான் கேட்டது என்று தோன்றும். வெறும் தேங்காய் எண்ணெயே செதிலை இளக்கிவிடும். அதனால் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சரியான வழி.

முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். படர்தாமரையும் சிலருக்கு இப்படித்தான் தெரியும். அவர் தந்த மருந்தை நிறுத்தவே வேண்டாம். ஸ்டீராய்டைத் திடீரென விட்டால் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பலாம்.

அப்புறம் எண்ணெய். வெட்பாலை இலையைக் கிள்ளினால் பால் வரும். காய்கள் இரண்டிரண்டாக நீளமாகத் தொங்கும். இலையை ஈரமில்லாமல் துடைத்து, கையால் கிழித்து, கண்ணாடி பாட்டிலில் போட்டு, முங்கும் அளவு காங்கேயத்துச் செக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றி வெயிலில் வையுங்கள். நாவல்பழச் சாறு மாதிரி நிறம் ஏறியதும் வடிகட்டலாம். பூஞ்சை தெரிந்தால் கொட்டிவிடுங்கள். அதே எண்ணெயை இலை போடாமல் இன்னொரு பாட்டிலிலும் அதே வெயிலில் வைக்க வேண்டும். இந்த இரண்டாவது பாட்டில்தான் முக்கியம்.

முன்கையின் உட்புறம், நல்ல தோலில், ஒரு நாணயம் அளவு இடத்தில் வெட்பாலை எண்ணெயைக் காலையும் மாலையும் 7 முதல் 10 நாள் தடவுங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

ஒன்றும் ஆகவில்லையா? இரண்டு முழங்கையிலும் ஏறக்குறைய ஒரே அளவு படை இருந்தால் இடதுக்கு வெட்பாலை, வலதுக்கு வெறும் எண்ணெய். மருத்துவர் தந்த களிம்பு இரண்டுக்கும் ஒரே மாதிரி. செதிலைப் பிய்க்காதீர்கள், காயம் பட்ட இடத்தில் புதுப் படை கிளம்பலாம்.

வாரம் ஒருமுறை, ஒரே சன்னலோரம், ஒரே நேரத்தில் போட்டோ. குளித்து எண்ணெய் போன பிறகு எடுங்கள்; ஊதாக் கறை சிவப்பை மறைத்துவிடும். சிவப்பு, தடிப்பு, செதில் மூன்றுக்கும் தனித்தனியாக 0 முதல் 4 வரை மதிப்பெண்; 0 என்றால் இல்லை, 4 என்றால் மிக அதிகம். எந்தக் கை எது என்று தெரியாத ஒருவர் போட்டோவைப் பார்த்து மதிப்பெண் போட்டால் நல்லது.

8 வாரம் கழித்து இரண்டு கையும் ஒன்றுபோலத் தேறியிருந்தால் இலை தனியாக எதுவும் செய்ததாகச் சொல்ல முடியாது. இடது மட்டும் தெளிந்திருந்தால் போட்டோக்களை மருத்துவரிடம் காட்டுங்கள். நடுவே நீர் கசிந்தாலோ, உடம்பெல்லாம் சிவந்தாலோ, மூட்டு வலித்தாலோ 8 வாரம் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.