கர்ப்ப காலத்தில் உதட்டுக் கொப்புளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்ப்பிணியின் உதட்டோரம் முதல் நாள் குறுகுறுவென்று எரிந்து, மறுநாள் நீர் கோத்த சிறு கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பினால், கடலூர்ப் பக்கத்து வீடுகளில் அதை உடம்புச் சூடு என்பார்கள். இல்லையெனில் அக்கி என்று சொல்லிக் காவி எழுத அழைத்துப் போவார்கள். இளநீர் குடிப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் இதற்குக் காரணம் சூடு அன்று, ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வைரஸ். பெரும்பாலும் சிறு வயதிலேயே எச்சில் வழியாகத் தொற்றி, நரம்பு முடிச்சில் உறங்கிக் கிடந்து, காய்ச்சலோ அசதியோ கடும் வெயிலோ கண்டால் அதே இடத்தில் மீண்டும் தலைகாட்டும். உலகில் 50 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினரிடம் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருப்பதால், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சுண்ணாம்பும் பற்பசையும் தடவுவது புண்ணை மேலும் புண்ணாக்கும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு அதைவிடத் தீங்கானது. கிருமியை அது பரவவிடும். கர்ப்பம் என்பதால் மருந்தே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதும் தவறு. இந்த வைரஸை அடக்கும் அசைக்ளோவிர், கர்ப்பிணிகளுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படும் மருந்து. களிம்பா மாத்திரையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். கொப்புளத்தைத் தொட்ட விரலைக் கண்ணில் வைக்கவே கூடாது.

முன்பே வந்து போன கொப்புளம் மீண்டும் வந்தால், வயிற்றுக் குழந்தைக்குப் பொதுவாக ஆபத்தில்லை. தாயின் எதிர்ப்பொருள் அதற்கும் கிடைத்திருக்கும். ஆனால் ஹெர்ப்பிஸ் பிறப்புறுப்பிலும் வரும். கடைசி மூன்று மாதங்களில் அங்கே முதன்முறையாகப் புண் வந்தால், அதை மறைக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் பிரசவ முறையையே மாற்ற வேண்டியிருக்கலாம்.

என் கவலையெல்லாம் பிரசவத்துக்குப் பிறகு தாய்வீட்டில் நடப்பதைப் பற்றியது. பார்க்க வரும் உறவுகள் ஒவ்வொருவராகக் குழந்தையை வாங்கிக் கன்னத்தில் முத்தமிடுவார்கள். உதட்டில் பொருக்குத் தட்டிய புண்ணோடு ஒரு பெரியவர் சர்க்கரைத் தண்ணீரில் விரலை நனைத்துச் சேனை தொடுவார். பெரியவர்களுக்கு அற்பமான இந்தப் புண், பிறந்து ஆறு வாரம் நிரம்பாத குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடியது. எனவே யாரையும் முத்தமிட விடாதீர்கள், வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. புண் தாய்க்கே இருந்தால் முகக்கவசம் அணிந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பாலூட்டலாம். மார்பில் புண் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் கொடுக்கக் கூடாது. பச்சிளங்குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, காய்ச்சலோ வலிப்போ தோலில் கொப்புளமோ கண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வீட்டில் யாருக்கு உதட்டுப் புண் இருந்தது என்பதையும் அங்கே சொல்லுங்கள்.