யாரும் கேட்காத பூனையைக் கூட்டிவந்த பிறகு நடக்கும் தவறுகள்

போன மாதம் மதுரை ஆனையூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். ஒன்பது வயது, பாதிப் பல் இல்லாத ஆண் பூனை ஒன்றைக் காப்பகத்திலிருந்து கூட்டிவந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. எட்டு மாதமாக யாருமே கேட்காத பூனை அது. “அக்கா, கட்டிலுக்கு அடியிலேயே கெடக்கு. இழுத்து வெளிய விட்டா திரும்ப உள்ள போயிருது. சாப்பாட்டத் தொடக்கூட இல்ல” என்றாள் அந்தப் பெண். அவள் பேசும்போது வாசல் கிரில் கதவு திறந்து கிடந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. 2013இல் என் வீடும் இதே கோலத்தில்தான் இருந்தது.

தடுப்பூசி போடுங்கள், கருத்தடை செய்யுங்கள், பால் ஊற்றாதீர்கள் என்பதையெல்லாம் காப்பகத்திலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள். நான் சொல்ல வருவது வயதானவை, கண் போனவை, மூன்று காலில் நடப்பவை, ஆளைக் கண்டால் சீறுபவை என்று கூண்டிலேயே வருஷக்கணக்கில் தங்கிவிட்ட பூனைகளைப் பற்றி. குட்டிக்குச் செய்யும் தவறை அது மன்னித்துவிடும். இவற்றுக்கு அந்தத் தெம்பு கிடையாது.

முதல் நாளே வீடு முழுவதையும் திறந்து விடுவது

என் முதல் பூனை செம்பி. ஏழு வயது, இடது கண் கிடையாது, உட்கார்ந்த இடத்திலேயே சாப்பிட்டு ஐந்தரை கிலோ இருந்தது. அப்போது செல்லூரில் குடியிருந்தோம். காப்பகத்தில் இருந்த அக்கா தெளிவாகச் சொன்னார்: “ஒரே ரூம். கதவைச் சாத்தி வை. குறைஞ்சது பதினஞ்சு நாள்.” நான் கேட்கவில்லை. நாலு வருஷம் கூண்டில் கிடந்ததை மறுபடியும் அடைத்து வைப்பதா, பாவம் என்று நினைத்தேன். வந்ததும் கூடையைக் கூடத்தில் வைத்துத் திறந்தேன். பீரோவுக்குப் பின்னால் ஓடியதுதான், இரண்டு நாள் வரவே இல்லை. வைத்த மீன் வைத்தபடி காய்ந்தது. பசித்தால் தானே வரும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தெருவில் ஒரு சாவு ஊர்வலம். நம் ஊரில் அதற்கு வேட்டு போடாமல் இருக்க மாட்டார்கள். வேடிக்கை பார்க்க யாரோ கிரில் கதவைத் திறந்திருக்கிறார்கள். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது பீரோவுக்குப் பின்னால் வெறும் தூசிதான் இருந்தது.

ஒன்பது நாள் தேடினேன். தத்தனேரி வரைக்கும் தெருத்தெருவாக அதன் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தேன். அந்தப் பேரை வைத்தே மூன்று நாள்தான் ஆகியிருந்தது, அதற்கு எப்படித் தெரியும்? கடைசியில் மூன்று வீடு தள்ளி, மாடிப்படிக்கு அடியில் அடுக்கியிருந்த பழைய தறிக்கட்டைகளுக்கு இடையில் அது இருந்ததைத் தண்ணீர் பிடிக்க வந்த தெருக்கார அத்தை ஒருவர்தான் பார்த்தார். நான் அந்தப் படியைத் தாண்டித் தினமும் போயிருக்கிறேன்.

கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் தூக்கிக்கொண்டு வந்தேன். அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் அதன் காது மடலை விரித்துப் பார்த்தார். “ஏம்மா, உள்ளெல்லாம் மஞ்சள் பூசுன மாதிரி இருக்கே” என்றார். ஈறும் அப்படித்தான் இருந்தது.

பட்டினி கிடக்கும் பூனையின் உடம்பு தன் கொழுப்பையே கரைத்து ஈரலுக்கு அனுப்பும். மற்ற பிராணிகளைப் போல அவ்வளவு கொழுப்பைப் பூனையின் ஈரலால் சமாளிக்க முடியாது. கொழுப்பு அங்கேயே தேங்கி ஈரல் வேலை செய்யாமல் போகும். அப்புறம் நல்ல சாப்பாட்டை முன்னால் வைத்தாலும் குமட்டல்தான் வரும், சாப்பிடாது. குண்டுப் பூனைக்கு இரண்டு மூன்று நாள் பட்டினியிலேயே இது தொடங்கிவிடலாம். டாக்டர் கழுத்து வழியாகக் குழாய் வைத்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை சாப்பாட்டைக் கூழாக அரைத்து சிரிஞ்சில் ஏற்றினோம். பதினெட்டாம் நாள் விடியற்காலையில் செம்பி போய்விட்டது.

அதனால்தான் ‘பசித்தால் தானே சாப்பிடும்’ என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. நாய்க்கு அது பலிக்கலாம், பயந்துபோன பூனை சாப்பிடாமலேயே கிடக்கும். ஒரு நாள் முழுக்க வாயில் எதுவும் வைக்கவில்லையென்றால் காப்பகத்துக்கோ டாக்டருக்கோ போன் செய்யுங்கள். இரண்டாம் நாளைத் தாண்ட விடாதீர்கள்.

சரி, அறையை எப்படி வைப்பது? சின்னதாக இருந்தாலும் போதும், மாடியில் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட அறை மட்டும் வேண்டாம். மதுரை வெயிலில் அது அடுப்பு. ஜன்னலுக்குக் கம்பி வலை அடியுங்கள், கொசுவலையை நகத்தாலேயே கிழித்துவிடும். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டியில் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டுக் கவிழ்த்து வையுங்கள். மணல் பெட்டி ஒரு மூலையில், சாப்பாடு எதிர் மூலையில். காப்பகத்தில் சாப்பிட்ட அதே சாப்பாடு, அங்கே படுத்த அதே துணி, துவைக்காமல். சாப்பிடவில்லையென்றால் மத்தி மீனை உப்பு, மஞ்சள் எதுவும் போடாமல் அவித்து, முள் எடுத்து, வெதுவெதுப்பாக வையுங்கள். ஆறிப்போனதில் வாசனை எழும்பாது, வாசனை வராததைப் பூனை தொடாது. எத்தனை வாய் சாப்பிட்டது, மணலில் ஈரம் இருக்கிறதா என்று தினமும் எழுதி வையுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பார்ப்பது. அதை நேராக உற்றுப் பார்க்காதீர்கள். பெட்டிக்குள் கையை விடவே கூடாது. ஒரு முறை இழுத்து வெளியே போட்டால் ஒரு வாரம் பின்னால் போவீர்கள்.

கதவை எப்போது திறப்பது என்பதை நாள் கணக்கை வைத்து முடிவு செய்யக்கூடாது. நீங்கள் அறையில் இருக்கும்போதே அது சாப்பிட வேண்டும், வாலைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், கதவருகில் வந்து நிற்க வேண்டும். சிலது பத்து நாளில் வந்துவிடும், இரண்டு மாதம் எடுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் மீறி வெளியே போய்விட்டால், என்னைப் போல தூரத் தெருக்களில் கத்திக்கொண்டு அலையாதீர்கள். பயந்த பூனை பெரும்பாலும் நாலைந்து வீட்டுக்குள்தான் பதுங்கும், கூப்பிட்டால் குரல் கொடுக்காது. ராத்திரி ஒரு மணிக்கு மேல், தெரு அடங்கிய பிறகு, டார்ச்சைத் தரை மட்டத்தில் அடித்துப் பாருங்கள். கண் மின்னும். மோட்டார் பெட்டி, மாடிப்படி அடி, விறகு அடுக்கு, தண்ணீர்த் தொட்டியின் சந்து எதையும் விடாதீர்கள்.

மருத்துவக் குறிப்பைப் படிக்காமல் பயப்படுவது

எஃப்.ஐ.வி. (பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) என்று எழுதியிருந்தால் பலர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். அது மனிதருக்கு வராது. பூனைக்குப் பூனை பெரும்பாலும் ஆழமான கடியால்தான் பரவும். கருத்தடை செய்து, வீட்டுக்குள்ளேயே வைத்து, பல்லையும் புண்ணையும் கவனித்தால் வருஷக்கணக்கில் நன்றாக இருக்கும். எஃப்.இ.எல்.வி. என்பது வேறு வைரஸ், பூனைக்கு ரத்தப் புற்றுகூட வரவைக்கும். அது எச்சிலில் பரவும், நக்கிக்கொடுத்தாலும் ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டும். அந்தப் பூனை வீட்டில் ஒற்றைப் பூனையாக இருக்க வேண்டும். இரண்டின் பெயரும் கேட்க ஒரே மாதிரி இருப்பதால் குழப்பிக்கொள்கிறார்கள், கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள்.

பினாயில்

வேண்டாம். தரையில் நடந்த பாதத்தைத்தான் பூனை நக்கும். சோப்புத் தண்ணீர் போதும்.

வீட்டு மருந்துப் பெட்டி

ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தையும் தடவாதீர்கள், பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தால் பூனை வலிப்பு வந்து செத்துவிடும்.

தயிர்ச்சோற்றிலேயே வளர்ப்பது

தயிர்ச்சோறு போதாதா என்று சைவ வீட்டுக்காரர்கள் அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால் பூனைக்கு வேண்டிய டாரின் என்ற சத்து கறியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது குறைந்தால் பார்வை போகும், இதயம் வீங்கும். சமைக்க மனம் வராவிட்டால் கடையில் விற்கும் பூனைத் தீனியாவது வாங்கிப் போடுங்கள்.

பெரியவர்களிடம் சொல்லாமல் கருப்புப் பூனையைக் கூட்டிவருவது

கல்லூரி மாணவன் ஒருவன் அழகான கருப்புப் பூனையைத் தூக்கிப் போனான். வெளியே கிளம்பும்போது குறுக்கே வந்தது என்று அவன் பாட்டி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் பூனை காப்பகத்துக்குத் திரும்பியது. முன்பு ஆள் வந்தால் கம்பிக்குப் பக்கத்தில் வரும் பூனை, அதற்கப்புறம் கூண்டின் மூலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தது. முதலில் பாட்டியைக் காப்பகத்துக்குக் கூட்டிவாருங்கள். மடியில் வந்து உட்கார்ந்த பூனையை வேண்டாம் என்று சொன்ன பாட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஜோடியைப் பிரிப்பது

செய்யாதீர்கள்.

திருவிழா வாரம்

தீபாவளி வாரத்தில் கூட்டிவராதீர்கள். உங்கள் தெருக் கோயிலில் முளைப்பாரி எடுக்கும் நாள், குழாய் ஸ்பீக்கர் கட்டும் நாள் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுப்பது

சீறுகிறது, பக்கத்தில் வரமாட்டேன் என்கிறது என்று ஏழாம் நாள் கூடையோடு வந்து நிற்கிறார்கள். வரும் முன்னால் ஒரு போன் செய்யுங்கள். காப்பகத்துக்காரர்கள் திட்ட மாட்டார்கள், வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள்.

ஆனையூர் வீட்டில் அன்றைக்கு முதலில் கிரில் கதவைச் சாத்தினேன். கட்டிலோடு சேர்த்து அந்த அறையையே அதற்குக் கொடுத்துவிட்டு, மூவரும் கூடத்துக்கு வந்துவிட்டோம். அந்தத் தம்பி கரிமேட்டுக்குப் போய் மத்தி வாங்கிவந்தார். அவித்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினோம். ராத்திரி பதினொன்றரைக்கு அந்தப் பெண் ஒரு படம் அனுப்பினாள். கட்டிலுக்கு அடியில் வாலின் நுனி மட்டும் தெரிகிறது. தட்டில் மீன் இல்லை.