ஜாமீன் கையெழுத்துக்கு முன்னால் கொஞ்சம் தத்துவம்

தத்துவம் படித்து என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில்தான் இருக்கிறது. மனைவியின் தம்பி ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்து, பசியாறிவிட்டு, "மாமா, பேங்கில ஒரு ஜாமீன் கையெழுத்து, வேற ஒண்ணும் இல்ல" என்று கேட்கிறாரே, அந்த நேரத்துக்கு அது உதவும். முழுசாக உதவாது. எதுவரை உதவும், எங்கே அதை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் என்று எந்தப் பக்கத்துக் குடும்பத்தை எடுத்தாலும் இப்படி ஒரு கையெழுத்துக் கதை இருக்கும், அதனால் அதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

முதலில், அன்றைக்கே பதில் சொல்லாதீர்கள். "புதன்கிழமை சொல்றேன் தம்பி" என்று நாள் குறித்துச் சொல்லிவிட்டு, ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். விசாரித்தால் தெரிந்துவிடும் கேள்விகள் இடது பக்கம், யாரை விசாரித்தாலும் கடைசியில் நீங்களே முடிவு செய்ய வேண்டியவை வலது பக்கம். என்ன கடன், மாதத் தவணை எவ்வளவு, அவர் சம்பளத்தில் அது போக என்ன மிஞ்சும், அவர் கட்டாமல் விட்டால் எனக்கு என்ன ஆகும், இதெல்லாம் இடது. சொந்தக்காரருக்காக எவ்வளவு தூரம் போகலாம், முடியாது என்று சொன்னால் நான் கெட்டவனா, இதெல்லாம் வலது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பிசைவதால்தான் முக்கால்வாசிக் குழப்பம்.

இடது பக்கத்தில் தத்துவத்துக்கு வேலையே கிடையாது. அங்கே வேண்டியது தகவல். நம் மலேசியாவின் 1967ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தில் 2017இல் ஒரு திருத்தம் செய்தார்கள். அதன்படி, லாபம் எதுவும் எதிர்பார்க்காமல் ஒருவருடைய படிப்புக் கடனுக்கோ, சொந்த உபயோகத்துக்கான வாகனத் தவணைக்கோ, குடியிருக்க வாங்கும் வீட்டுக் கடனுக்கோ ஜாமீன் நிற்பவரைத் திவாலாக்க முடியாது. அதற்காகக் கடன் பொறுப்பு போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம், பேங்க் ஜாமீன் நின்றவர்மேல் வழக்குப் போட்டுப் பணத்தைக் கேட்கலாம். வியாபாரக் கடன் என்றால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. கடன் 100,000 வெள்ளியை (ரிங்கிட்) தொட்டு, வாங்கியவரிடம் வசூலிக்கும் வழியெல்லாம் தீர்ந்துபோனால், கோர்ட் அனுமதியோடு உங்கள்மேல் திவால் நடவடிக்கை எடுக்க முடியும். ஆகவே காருக்கா, கடைக்கா என்ற ஒரு கேள்வியிலேயே பாதி விஷயம் இருக்கிறது. ஒரு வக்கீலிடம் தாளைக் காட்டிக் கேளுங்கள். நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏ.கே.பி.கே. என்ற அமைப்பில் கடன் ஆலோசனை இலவசம், தம்பியையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

சரி, வலது பக்கத்துக்கு வருவோம். உங்களைக் கையெழுத்துப் போடச் சொல்லி உந்துகிற கொள்கை எதுவோ அதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். பெரும்பாலும் "சொந்தம் கேட்டால் மறுக்கக் கூடாது" என்றுதான் வரும். அது பொருந்தாத ஓர் இடத்தைத் தேடுவது அடுத்த வேலை. பிளேட்டோவின் குடியரசு நூலில் முதல் பாகத்திலேயே இது நடக்கிறது. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம் என்ற பேச்சு எழுந்ததும் சாக்ரடீஸ் கேட்கிறார்: புத்தி தெளிவாக இருந்தபோது ஆயுதத்தைக் கொடுத்து வைத்த நண்பன், புத்தி பேதலித்த பிறகு வந்து கேட்டால் கொடுப்பாயா? கொடுக்க மாட்டோம். அப்போது விதி அவ்வளவு நேரானது இல்லை என்று ஆகிறது. இதையே உங்கள் வாக்கியத்துக்கும் செய்து பாருங்கள். மைத்துனருக்குப் பதில் கூடப் பிறந்த தம்பி கேட்டிருந்தால் இதே யோசனை வந்திருக்குமா? இது மூன்றாவது தடவையாக இருந்தால்? மகளின் காலேஜ் கட்டணம் அடுத்த வருஷம் ஆரம்பிக்கிறது என்றால்? ஒவ்வொரு கேள்விக்கும் வாக்கியம் கொஞ்சம் மாறும், கடைசியில் "அவரால் கட்ட முடியும், என் பிள்ளைகளின் பணத்தைத் தொடாது என்றால் செய்வேன்" என்கிற மாதிரி நிற்கும். முதலில் எழுதியதைவிட இது நீளம், ஆனால் இதுதான் உங்களுடையது.

இங்கே நம்மில் பலர் திருக்குறளைத் திறப்போம், திறக்கவும் வேண்டும். ஆனால் ஒரு குறளோடு நிறுத்தாதீர்கள். ஒப்புரவறிதலின் கடைசிக் குறள், 220ஆவது: "ஒப்புரவி னால்வரும் கேடெனின் அஃதொருவன் விற்றுக்கோள் தக்க துடைத்து." பிறருக்கு உதவிக் கெட்டுப்போக நேர்ந்தால், அந்தக் கேட்டைத் தன்னை விற்றாவது வாங்கிக்கொள்ளலாமாம். இதைப் படித்தால் பேனாவை எடுத்துவிடுவோம். அப்படியே வலியறிதலுக்குப் போய் 480ஐப் பாருங்கள்: "உளவரை தூக்காத ஒப்புர வாண்மை வளவரை வல்லைக் கெடும்." கையில் இருப்பது எவ்வளவு என்று பார்க்காமல் செய்யும் உதவியால் செல்வம் சீக்கிரமே கெடும். அதே வள்ளுவர், அதே ஒப்புரவு. ஒன்று அறத்துப்பாலில் இருக்கிறது, மற்றது பொருட்பாலில். இரண்டில் எது உங்கள் வீட்டுக்கு இன்றைக்குப் பொருந்தும் என்று அவர் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. எனக்குத் தெரிந்து தத்துவத்தின் எல்லை இதைவிடத் தெளிவாக வேறு எங்கும் தெரியவில்லை. இரண்டு பக்கத்து நியாயத்தையும் முழு பலத்தோடு நம் முன்னால் வைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது, தேர்ந்தெடுப்பது நம் தலையில்தான். தனக்குச் சாதகமான குறளை மட்டும் எடுத்து மைத்துனர்மேலோ மனைவிமேலோ வீசுகிறவர் யோசிப்பதை நிறுத்திவிட்டார் என்று அர்த்தம்.

முடிவு எடுத்த பிறகு பழைய கிரேக்கத் தத்துவ ஞானி எபிக்டெட்டஸ் உதவுவார். அடிமையாகப் பிறந்த மனிதர், நம் கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரித்துப் பார் என்று சொன்னவர். கையெழுத்துப் போடுவதும் மறுப்பதும் எந்த வார்த்தையில் மறுப்பது என்பதும் நம் கையில். மாமியார் முகம் திருப்பிக்கொள்வதும் கல்யாண வீட்டில் நாலு பேர் பேசுவதும் நம் கையில் இல்லை. ஆனால் இந்த மருந்தை அடுத்தவருக்கு ஊற்றாதீர்கள். சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்த முதலாளியைப் பற்றி ஒருவர் வந்து அழுதால், "மனசை அமைதியா வச்சுக்கோ" என்பது அநியாயத்துக்குத் துணை போவது. அவரைத் தொழிலாளர் இலாகாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சாவு வீட்டிலும் அப்படித்தான். "எல்லாம் விதி, உடம்பு அழியும் ஆத்மா அழியாது" என்று சொல்லிக்கொண்டு இருக்காமல் நாற்காலி எடுத்துப் போடலாம், தேத்தண்ணி கலக்கலாம், இறப்புப் பத்திரம் எடுக்கக் கூடப் போகலாம். வாரக்கணக்கில் தூங்காமல், வாழ்ந்து என்ன ஆகப் போகிறது என்று பேசுகிறவருக்கு வாழ்க்கையின் அர்த்தம் பற்றிய விவாதம் வேண்டாம், டாக்டர் வேண்டும். அன்றிரவே பேச ஆள் வேண்டுமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பில் 24 மணி நேரமும் போனை எடுப்பார்கள், எண் 03-7627 2929.

அப்புறம், யோசனைக்கு ஒரு கெடு வேண்டும், புதன்கிழமை என்று நாள் குறிக்கச் சொன்னதே அதற்காகத்தான். டேவிட் ஹியூம் என்ற தத்துவ அறிஞர் எதையும் உறுதியாக அறிய முடியுமா என்று யோசித்து யோசித்து இருண்டுபோன சமயத்தில், அவரைத் தேற்றியது இன்னொரு வாதம் இல்லை. நண்பர்களோடு சாப்பிட்டு, பேக்கேமன் என்ற காய் நகர்த்தும் ஆட்டம் ஆடியதும் தெளிந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். ராத்திரி ஒரு மணிக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு அதே கேள்வியைப் புரட்டுவது கவலை, அதற்குத் தத்துவம் என்று பேர் வைக்காதீர்கள். தாளை மடித்து வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

புதன்கிழமை வந்ததும் நேரில் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். முடியாது என்று முடிவாகியிருந்தால் உங்களால் முடிந்தது எது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்: "தம்பி, ஜாமீன் என்னால முடியாது. ஆனா முன்பணத்துக்கு 1,500 வெள்ளி தர்றேன், திருப்பித் தர வேணாம்." இதை அவர் கேட்பதற்கு முன்னால் உங்கள் மனைவி கேட்டிருக்க வேண்டும், அந்தத் தாளின் இரண்டு பக்கத்தையும் அவரும் படித்திருக்க வேண்டும். பணமும் இரண்டு பேருடையது, தம்பியும் அவருடைய தம்பி.