ஓசோன் வீசும் அகச்சிவப்பு: கணக்கு எங்கே தப்பும்?

நாகர்கோவிலில் எம்.எஸ்சி. பிள்ளைகளின் ப்ராஜெக்ட்டுகளைத் திருத்தும்போது ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது. ஓசோன் 9.6 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் வீசும் அகச்சிவப்பை, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை எடுத்துக்கொள்கிறார்கள், அது முழுவதும் காற்றின் வெப்பத்தால் வந்தது என்று வெப்பநிலையைப் போடுகிறார்கள், ஓசோன் இவ்வளவு என்று விடை எழுதிவிடுகிறார்கள். 30 கிலோமீட்டர் உயரத்தில் இது சரி. 80 கிலோமீட்டரில், வளிமண்டலத்தின் இடையடுக்கில் (மீசோஸ்பியர்), விடை உண்மையைவிடப் பெரிதாக வரும்.

சுசீந்திரம் கோயில் இசைத்தூணை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டினால் ரீங்கரிக்கும், கை பட்டால் அடங்கும். ஆக்சிஜன் அணு ஒன்று ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து பிறக்கும் ஓசோனும் தட்டிய தூண் மாதிரிதான், அதிர்ந்துகொண்டேதான் பிறக்கிறது. கீழே காற்று நெருக்கம். ஓசோன்மீது வந்து மோதும் மூலக்கூறுகள் அந்த அதிர்வைச் சட்டென்று அடக்கிவிடும். 80 கிலோமீட்டரில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு. அடக்கக் கை போதாது. அதிர்வில் ஒரு பகுதி அகச்சிவப்பாகவே வெளியேறிவிடும். போதாததற்கு, கீழிருந்து ஏறிவரும் வெப்பக் கதிரை வாங்கி அதிரும் ஓசோனும் உண்டு. இந்தக் கூடுதல் ஒளியை வெப்பநிலையின் கணக்கில் எழுதக்கூடாது. 2001 டிசம்பரில் நாசா ஏவிய டைம்ட் செயற்கைக்கோளில், வளிமண்டலத்தின் அகச்சிவப்பை அளக்கும் சேபர் கருவி தரும் ஓசோன் அளவு, இதையெல்லாம் தனியாகக் கணக்கிட்டுத்தான் வருகிறது.

அப்புறம், ஓசோனைக் கணக்கிட இன்னொரு வழியாகப் பயன்படும் 1.27 மைக்ரோமீட்டர் ஒளியை ஓசோனின் ஒளி என்று எழுதாதீர்கள். வெயிலின் புறஊதா ஓசோனை உடைக்கும்போது கூடுதல் ஆற்றலோடு கிளர்ந்து பிரியும் ஆக்சிஜன் மூலக்கூறு வீசுவது அது. அந்த மூலக்கூறு தானாக ஒளிர்ந்து அடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் விடிந்தபின் அந்த ஒளி முழு அளவுக்கு ஏறவும் நேரம் பிடிக்கும்; விடிந்த உடனே எடுத்த அளவை அப்படியே ஓசோனாக மாற்றினால் குறைவாகத்தான் காட்டும்.

பகலையும் இரவையும் சேர்த்துச் சராசரி போடுவதும் வேண்டாம். 80 கிலோமீட்டருக்கு மேலே பகலில் சூரியன் உடைத்துக்கொண்டே இருப்பதால் ஓசோன் சொற்பம். இரவில் பல மடங்கு ஏறும்.

முட்டம் கடற்கரையில் வெப்பப்படக் கேமராவை வானத்துக்குத் திருப்பி இடையடுக்கு ஓசோனின் 9.6 ஒளியைப் பிடிக்கலாமா என்று ஒரு மாணவி ஆசையோடு கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் மணல், கடல், நம் கை, கேமராவின் உடம்பு எல்லாமே அதே 9.6-இல் வீசுகின்றன. தலைக்கு மேலே கீழடுக்குகளின் ஓசோனும் குறுக்கே நிற்கிறது. அதனால்தான் செயற்கைக்கோள் நேர் கீழே பார்க்காமல், கன்னியாகுமரியில் நாம் தொடுவானத்தைப் பார்ப்பதுபோல் பூமியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்க்கிறது. அங்கே பின்னால் இருப்பது குளிர்ந்த விண்வெளி மட்டும்.