ஆடியோ கன்வெர்ட்டர் ஃபேன் சத்தத்தைக் குறைப்பது எப்படி?

ஸ்டுடியோவில் ஒலியை டிஜிட்டலாகவும் டிஜிட்டலை ஒலியாகவும் மாற்றும் 8, 16 சேனல் கன்வெர்ட்டர் பெரும்பாலும் 1 யூ (கருவிகளை அடுக்கும் ரேக் சட்டத்தில் ஓர் அடுக்கு) உயரம்தான், அதாவது 44 மில்லிமீட்டர் சொச்சம். அதற்குள் 40 மில்லிமீட்டர் ஃபேன்தான் நுழையும், அவ்வளவு சின்னது போதுமான காற்றைத் தள்ள வேண்டுமென்றால் வேகமாகச் சுழல வேண்டும், அந்தக் கீச்சுச் சத்தம் அதனால்தான்.

எரிச்சலில் ஃபேன் ஒயரைப் பிடுங்கிவிடாதீர்கள். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டர்களின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

முதலில் காசில்லாத வேலை: ரேக்கில் மேலும் கீழும் 1 யூ காலியாக விடுங்கள், காற்றுத் துளை பக்கவாட்டில் இருந்தால் அதை மறைக்காதீர்கள், மின்சாரத்தைத் துண்டித்து தூசியை ஊதுங்கள் (ஃபேன் சுழலாதபடி பிடித்துக்கொண்டு). சூட்டைப் பொறுத்து வேகம் மாறும் ஃபேன் என்றால் இதிலேயே சத்தம் அடங்கிவிடலாம்.

அப்புறம்தான் ஃபேனை மாற்றும் யோசனை. அளவு, வோல்டேஜ், பின் எண்ணிக்கை மட்டும் பொருந்தினால் போதாது, காற்றோட்ட அளவும் பொருந்த வேண்டும். சத்தம் குறைந்தது என்று விற்பவை பல காற்றையும் குறைவாகவே தள்ளும். வாரண்டி என்ன ஆகும் என்றும் பாருங்கள்.

என்னைக் கேட்டால், பெட்டியைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோவதுதான் உருப்படியான வழி. டான்டே (நெட்வொர்க் வழியே ஒலியை அனுப்பும் முறை) வசதி இருந்தால் ஈத்தர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகும். யூஎஸ்பி 2.0 என்றால் 5 மீட்டர்தான், அறைக்கு வெளியே எட்டுமா என்று அளந்துவிட்டுத் தொடங்குங்கள்.