மேகம் கறுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறதா? ஒரு கிரேயானை எடுங்கள்

2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டுப் போனதிலிருந்து, மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து சாமான்களை மச்சுக்கு ஏற்றுகிற ஆட்கள் எங்கள் தெருவில் உண்டு. நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்குக் கைகொடுத்த வழியைச் சொல்கிறேன்.

கிரேயான் பெட்டி ஒன்று, பழைய காலண்டர் தாள், அரைமணி நேரம் போதும். 'எனக்கு வரையத் தெரியாதே' என்று தயங்க வேண்டாம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கலைச் சிகிச்சை ஆய்வாளர் கிரிஜா கைமல் குழுவினர் 39 பெரியவர்களை 45 நிமிடம் வரையவும் களிமண் பிசையவும் விட்டு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், முக்கால்வாசிப் பேருக்குக் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் குறைந்திருந்தது. முன்பே வரைந்து பழகியவர், பழகாதவர் என்ற வித்தியாசம் அதில் இல்லை.

முதலில் மூச்சோடு கோடு போடுங்கள். இழுக்கும்போது மேலே, விடும்போது கீழே, இரண்டு மூன்று நிமிடம், அவ்வளவுதான். அப்புறம் பயம் இல்லாத ஓர் இடத்தை வரையுங்கள். பலரும் ஆற்றங்கரை, படித்துறை என்றுதான் ஆரம்பிப்பார்கள், ஆனால் தண்ணீரைப் பார்த்தே பயந்தவருக்கு அது ஒத்துவராது. நான் வரைந்தது ஆச்சி வீட்டுத் திண்ணை.

வெறும் தாள் மிரட்டினால் கோலம் போடுங்கள். புள்ளி வைத்துவிட்டால் கை அடுத்து எங்கே போக வேண்டும் என்று அதற்கே தெரியும், மனசு அதன் பின்னால் போய்விடும். 2005-இல் வந்த ஓர் ஆய்விலும் வெறும் தாளில் இஷ்டப்படி வரைந்தவர்களைவிட, மண்டலம் என்கிற வட்டக்கோல வடிவத்துக்கும் கட்டம் போட்ட வடிவத்துக்கும் வண்ணம் தீட்டியவர்களுக்கே பதற்றம் அதிகம் தணிந்தது.

உடம்பு இறுகிக் கிடந்தால் மண்பானை செய்யும் காருகுறிச்சிப் பக்கம் போய்க் களிமண் ஒரு உருண்டை வாங்கிப் பிசையலாம், அடிக்கலாம், உருவம் எதுவும் வர வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் முழங்கால் வரை சேறு அள்ளியவர்களுக்கு அந்த ஈரமண் வாசனையே எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவரும், அவர்களுக்குச் சப்பாத்தி மாவு போதும்.

இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: நடந்த கொடுமையைத் தனியாக உட்கார்ந்து வரையாதீர்கள். பயங்கரம் பெரும்பாலும் கதையாக அல்ல, காட்சியாகவும் உடம்பின் உதறலாகவும்தான் உள்ளே தங்குகிறது. அதனால்தான் வாய் திறக்க முடியாதவருக்கும் படம் உதவுகிறது, அதே காரணத்தால் ஒரே நொடியில் அந்த இரவுக்கே இழுத்தும் போய்விடும். அந்த வேலைக்குப் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்க வேண்டும். படபடப்பு ஏறினால் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். தூக்கமே இல்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் கிரேயானோடு நிற்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்கள் 'இது என்ன படம்?' என்று கேட்காதீர்கள், 'நல்லாருக்கு' என்றும் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு தாளில் ஏதாவது வரையுங்கள். முடிந்ததும் மூலையில் தேதி போட்டு எடுத்து வைக்கலாம், கிழித்துப் போடத் தோன்றினால் அதுவும் சரிதான்.